பெண் நாயகி ஆக்‌ஷன் படம் ஊத்திக்கொண்டால் பழியை எங்கே தேடுவது?

ஒரு பெண்ணை முன்னால் நிறுத்தி எடுத்த ஆக்‌ஷன் படமோ சூப்பர்ஹீரோ படமோ படுத்துவிட்டால், வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் இரண்டு தீர்ப்புகள் வந்துவிடும். "பொம்பளை அடிச்சா எவன் பார்ப்பான்" என்று ஒரு கூட்டம், "ஆம்பளைங்க சேர்ந்து படத்தைக் கொன்னுட்டாங்க" என்று இன்னொரு கூட்டம். இரண்டையும் படம் பார்க்காமலேயே எழுதிவிடலாம் என்பதுதான் வசதி. எனக்கும் இந்தச் சண்டையில் இறங்கும் பழக்கம் உண்டு, ஆனால் இறங்கும் முன் சில விஷயங்களை வரிசையாகப் பார்த்துவிடுவேன். அந்த வரிசையை அப்படியே தருகிறேன், அடுத்த சண்டைக்கு ஆகும்.

முதலில் பட்ஜெட். வசூல் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. டிக்கெட் காசில் ஏறக்குறைய பாதி திரையரங்குக்கே போய்விடும், விளம்பரச் செலவு தனி, ஆக ஹாலிவுட்டில் ஒரு படம் போட்ட காசைத் திரையரங்கிலேயே எடுக்க வேண்டுமென்றால் பட்ஜெட்டைப் போல் குத்துமதிப்பாக இரண்டரை மடங்கு வசூலிக்க வேண்டும். 2014-இல் வந்த 'லூசி' சுமார் 40 மில்லியன் டாலரில் எடுக்கப்பட்டு உலகம் முழுக்க 450 மில்லியனைத் தாண்டியது. 2017-இன் 'அடாமிக் பிளாண்ட்' சுமார் 30 மில்லியனில் எடுத்து 100 மில்லியன் வாக்கில் வசூலித்தது, யாரும் அதைத் தோல்வி என்று சொல்லவில்லை. 2023-இல் 'தி மார்வெல்ஸ்' அதைப் போல் இரண்டு மடங்கு, 206 மில்லியன் வசூலித்தது. ஆனால் செலவே 200 மில்லியனுக்கு மேல், அதனால் பெரிய அடி. கூட்டமே வரவில்லையா, வந்த கூட்டம் செலவுக்குப் போதவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு நோய்.

அடுத்து காலண்டர். 'கேப்டன் மார்வெல்' 2019 மார்ச் 8 அன்று வந்தது. அதற்கு முந்தைய வருடம் வந்த 'அவெஞ்சர்ஸ்' படத்தில் வில்லன் தானோஸ் விரலைச் சொடுக்கிப் பாதி உலகத்தை அழித்துவிட்டுப் போயிருந்தான், கடைசியில் ஒரு பேஜரில் இவளுடைய சின்னம் மட்டும் தெரிந்தது, அதன் தொடர்ச்சியான 'எண்ட்கேம்' வர ஏழு வாரம் பாக்கி. அந்த இடைவெளியில் யாரை இறக்கியிருந்தாலும் ஓடியிருக்கும் என்று நான் சொன்னால் அவளுடைய ரசிகர்களுக்குக் கோபம் வரும், வரட்டும். 110 கோடி டாலருக்கு மேல் வசூலானதில் அந்தத் தேதிக்குப் பெரிய பங்கு உண்டு. அதே நாயகி திரும்பி வந்த 'தி மார்வெல்ஸ்' கதை நேர் எதிர். நடிகர்கள் வேலைநிறுத்தம் முடிந்ததே ரிலீஸுக்கு முந்தைய நாள்தான், அதுவரை நாயகி பிரீ லார்சனால் ஒரு பேட்டிகூடக் கொடுக்க முடியவில்லை. படத்தில் வரும் மற்ற இரண்டு பெண்கள் யார் என்று புரிய வேண்டுமென்றால் ஓடிடியில் இரண்டு தொடர்களைப் பார்த்திருக்க வேண்டும். டிக்கெட் வாங்கும் முன் ஹோம்வொர்க் செய்யச் சொன்னால் எத்தனை பேர் வருவார்கள்? 'வொண்டர் வுமன் 1984' கொரோனா நடுவில், 2020 கிறிஸ்துமஸ் அன்று, அமெரிக்காவில் அதே நாளில் ஓடிடியிலும் வந்தது. அதன் வசூலை வைத்து, கடவுளே நடித்திருந்தாலும் எதையும் நிரூபிக்க முடியாது. நம் பக்கம் பார்த்தால், கங்கனாவின் 'தாக்கட்' 2022 மே 20 அன்று 'பூல் புலையா 2'-க்கு எதிராக வந்து மாட்டிக்கொண்டது. அது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, ஓப்பனிங்கையும் மொத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். என் வரிசையில் இதுதான் மிகவும் உதவுகிற அளவுகோல். முதல் வார இறுதி எவ்வளவு ஆர்வம் இருந்தது என்று காட்டும், அதற்கப்புறம் வருவதெல்லாம் படம். 'வொண்டர் வுமன்' 2017-இல் அமெரிக்காவில் முதல் வார இறுதியில் சுமார் 103 மில்லியன், முடிவில் சுமார் 412 மில்லியன், அதாவது நான்கு மடங்கு. சூப்பர்ஹீரோ படங்களில் இரண்டரை மடங்கு வந்தாலே சாதாரணமாக நன்றாக ஓடியது என்பார்கள். நான்கு மடங்கு என்றால் பார்த்தவர் வீட்டுக்குப் போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்ப வந்திருக்கிறார் என்று அர்த்தம். 'தி மார்வெல்ஸ்' அமெரிக்காவில் 46 மில்லியனில் தொடங்கி 85 மில்லியன் அருகே நின்றுவிட்டது. இரண்டு மடங்குகூட இல்லை, ஆக வேலைநிறுத்தம், தேதி எல்லாம் போக, வந்தவர்களுக்கும் படம் ஒட்டவில்லை.

இணையத்தில் வெறுப்புப் பிரச்சாரம் நடந்ததே, அது? நடந்தது உண்மைதான். 'கேப்டன் மார்வெல்' வருவதற்கு முன்பே அதைத் திட்டி எழுதித் தள்ளினார்கள், ராட்டன் டொமேட்டோஸ் என்ற விமர்சனத் தளம் ரிலீஸுக்கு முன் ரசிகர்கள் கருத்துப் போடும் வசதியையே எடுத்துவிட்டது. அப்படியும் படம் ஓடியது. அதனால் அந்தச் சத்தம் அசிங்கமானது என்பேன், ஆனால் வசூலுக்குக் காரணமாக அதை முதலில் கையில் எடுக்கமாட்டேன்.

சரி, இனிப் படத்துக்குள் போகலாம். இங்கே நான் கேட்பது ஒரே கேள்வி: அவளை யார், எதிலிருந்து தடுக்கிறார்கள்? 'வொண்டர் வுமன்' படத்தில் பதுங்குகுழிக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அதுவரை அவளிடம் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள், இது உன் வேலை இல்லை, எல்லோரையும் காப்பாற்ற முடியாது, வா போகலாம். அப்புறம் மேலங்கியைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறுகிறாள். எதிரில் வில்லன்கூட இல்லை, வெறும் தோட்டாக்கள். அந்தக் காட்சி எதற்கு, அவள் யாரோடு சண்டை போடுகிறாள் என்று படக்குழுவுக்குள்ளேயே கேள்வி எழுந்ததாக இயக்குநர் பேட்டி ஜென்கின்ஸ் சொல்லியிருக்கிறார். நம் ஊரில் யாரிடமும் அதை விளக்க வேண்டியிருக்காது. 'பாட்ஷா'வில் மாணிக்கம் கம்பத்தில் கட்டப்பட்டு அடி வாங்குகிறானே, அந்த அடிதான் பின்னால் வரும் விசிலுக்கு முன்பணம். அடக்கிவைத்த சக்தி திறக்கும்போதுதான் தியேட்டர் எழுந்து நிற்கும், அங்கே நிற்பது ஆணா பெண்ணா என்பது அப்புறம்.

இதன் மறுபக்கம் வலி. 'அடாமிக் பிளாண்ட்' படத்தின் மாடிப்படிச் சண்டை வெட்டே இல்லாத ஒரே ஷாட் போல நீண்டுகொண்டே போகும். அதில் சார்லிஸ் தெரோனுக்கு மூச்சு வாங்குகிறது, முகம் வீங்குகிறது, கடைசியில் இரண்டு பேருமே நிற்க முடியாமல் தள்ளாடிக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள். தன்னைவிடப் பெரிய ஆளை ஒரு பெண் வீழ்த்துவதை நம்ப வைப்பது அந்தத் தள்ளாட்டம்தான். பத்துப் பேரை முடி கலையாமல் பறக்கவிட்டால் கொட்டாவிதான் வரும். கதாநாயகன் செய்தாலும் அதே கொட்டாவிதான், ஆனால் அவனுக்கு விசிலடிக்க நாம் முப்பது வருடமாகப் பழகியிருக்கிறோம்.

பெண் என்றால் இதுதான் கதை என்று முன்முடிவு செய்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். 2004-இன் 'கேட்வுமன்' இதற்குப் பாடப்புத்தகம். பேட்மேன் இல்லை, கோத்தம் நகரம் இல்லை, காமிக்ஸில் கேட்வுமனாக இருந்த செலினா கைலும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு அழகு கிரீம் கம்பெனி, தோலைக் கெடுக்கும் ஒரு கிரீம், அதைப் பூசிப் பூசிக் கல்லாக இறுகிய முகத்தோடு ஒரு வில்லி! பெண்களுக்கான சூப்பர்ஹீரோ படம் என்று யோசித்தவர்களுக்கு முதலில் தோன்றியது ஃபேஸ் கிரீம். அந்த வருடத்தின் மோசமான நடிகை விருதை ஹாலி பெர்ரி நேரில் போய், இன்னொரு கையில் தன் ஆஸ்கரைப் பிடித்துக்கொண்டு வாங்கினார், மொத்த விவகாரத்திலும் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். 1979-இன் 'ஏலியன்' திரைக்கதையில் பாத்திரங்களை ஆணோ பெண்ணோ யார் வேண்டுமானாலும் நடிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள், அதன் நாயகி ரிப்ளி அப்படி வந்தவள்தான்.

அப்புறம் ஒரு ஒப்பீடு. 2014-இல் மார்வெலின் ஐக் பெர்ல்மட்டர் சோனிக்கு அனுப்பிய ஒரு மின்னஞ்சல் பின்னாளில் கசிந்தது. பெண் படங்கள் போணியாகாது என்பதற்கு 'எலெக்ட்ரா', 'கேட்வுமன்', 'சூப்பர்கேர்ள்' என்று மூன்றைக் காட்டியிருந்தார், மூன்றாவது 1984-ஆம் வருடத்துப் படம். 2005 ஜனவரியில் வந்த எலெக்ட்ராவுக்குப் பிறகு 2017 ஜூன் வரை மார்வெல், டிசி காமிக்ஸ் கதைகளில் பெண்ணைத் தனி நாயகியாக வைத்துத் திரையரங்குக்கு ஒரு படம்கூட வரவில்லை. அதே காலத்தில் ஃபென்டாஸ்டிக் ஃபோருக்கு மூன்று தடவை வாய்ப்பு கிடைத்தது, 'கிரீன் லான்டர்ன்' மண்ணைக் கவ்வியபோது ஆண்களை வைத்து எடுப்பதை நிறுத்தலாமா என்று எவரும் மின்னஞ்சல் அனுப்பவில்லை. 'தி மார்வெல்ஸ்' விழுந்த அதே 2023-இல் 'தி ஃப்ளாஷ்', 'ஷசாம்' இரண்டாம் பாகம் எல்லாம் விழுந்தன. நீங்கள் கண்டுபிடித்த காரணம் இவற்றுக்கும் பொருந்துகிறதா என்று போட்டுப் பாருங்கள், பொருந்தவில்லை என்றால் அது காரணமில்லை.

இங்கே 'லோகா' பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2025 ஆகஸ்டில் வந்த மலையாளப் படம், கல்யாணி பிரியதர்ஷன், சுமார் 30 கோடி ரூபாய் செலவு, உலக வசூல் 300 கோடி. மேலே சொன்ன எல்லாவற்றிலும் தேறும்: சின்ன பட்ஜெட், ஓணம் ரிலீஸ், தன்னை மறைத்துக்கொண்டு வாழும் நாயகி, அதோடு கேரளத்தின் நாட்டார் கதைகளில் வரும் யட்சி கள்ளியங்காட்டு நீலியை எடுத்து இன்றைய பெங்களூரில் இறக்கிவிட்டார்கள். நீலி நமக்கும் அந்நியமில்லை, பழையனூர் நீலி அழுத அழுகையைத்தானே இன்றும் நீலிக் கண்ணீர் என்கிறோம். விஜயசாந்தியின் 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்' டப்பிங்கிலேயே இங்கே ஓடிய படம், அதனால் தமிழ் ரசிகன் பெண் ஆக்‌ஷன் பார்க்கமாட்டான் என்று யாராவது சொன்னால் அவர் தொண்ணூறுகளில் தியேட்டருக்குப் போகாதவர்.

இந்த வரிசைக்குள் சரியாக அடங்காத படமும் உண்டு. 2024-இன் 'ஃபியூரியோசா', 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' படத்தின் நாயகிக்கு எடுத்த முன்கதை. தடுக்கிறார்கள், வலிக்கிறது, வில்லன் பிரமாதம், என்னைப் பொறுத்தவரை நல்ல படம். சுமார் 168 மில்லியன் டாலர் செலவுக்கு 170 மில்லியன் சொச்சம்தான் வசூல். அவள் கை போகும், உயிர் போகாது என்று முந்தைய படத்திலேயே தெரிந்துவிட்டதால் பதைப்பு குறைந்திருக்கலாம், ஒன்பது வருட இடைவெளியும் இருக்கிறது. ஆனால் நான் முதல் கணக்குக்கே திரும்பிப் போகிறேன். ஆறு ஆஸ்கர் வாங்கி, எல்லோரும் கொண்டாடிய 'ஃப்யூரி ரோடு'கூட 150 மில்லியனுக்கு மேல் செலவழித்து 380 மில்லியன் அளவில்தான் வசூலித்தது, அதுவும் மேட் மேக்ஸ் என்ற பெயரை முன்னால் வைத்துக்கொண்டு. அந்த மேக்ஸும் இல்லாத முன்கதைக்கு அதைவிடக் குறையாத காசை எதை நம்பிப் போட்டார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.