மலை ஊர்ப் பெயர்ப்பலகைக் கடையில் லேமினேட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, குன்னூர்ப் பக்கம் பெயர்ப்பலகைக் கடை வைத்திருப்பவர்கள், அச்சடித்த வினைல் (ஒட்டும் பிளாஸ்டிக் தாள்) பாழானால் முதலில் லேமினேட்டரைத்தான், அதாவது அச்சின் மேல் பாதுகாப்பு பிலிமை ரோலர்களால் அழுத்தி ஒட்டும் இயந்திரத்தைத்தான், குறை சொல்கிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலான சேதம், அச்சு உலர்வதற்கு முன்பே பிலிம் ஒட்டும் அவசரத்தில்தான் தொடங்குகிறது.

ஈகோ சால்வென்ட் மையில் (கரைப்பான் கலந்த அச்சு மை) அடித்த வினைல் தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல் இருந்தாலும், உள்ளிருக்கும் கரைப்பான் மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். வழக்கமாக 24 மணி நேரம் விடுகிறவர்கள், ஐப்பசி மழையில் மேகம் கடைக்குள்ளேயே வந்து நிற்கும் நாட்களில் 48 மணி நேரமாவது விட வேண்டும். இறுக்கிச் சுருட்டி மூலையில் சாத்தி வைத்தால் எத்தனை நாள் ஆனாலும் சரியாக உலராது. தளர்வாகத் தொங்கவிட வேண்டும். அச்சின் மேல் குனிந்து முகர்ந்து பாருங்கள். மை நெடி அடித்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். மே மாத சீசனில் ஒரு தங்கும் விடுதிக்காரர் அன்று மாலையே பலகை வேண்டும் என்றதால், காலையில் அடித்து மதியமே பிலிம் ஒட்டிக் கொடுத்தேன். நான்காம் நாள் ஓரமெங்கும் பிலிம் குழாய்போல் எழும்பி நின்றது. முழுப் பலகையையும் என் செலவில் மறுபடி செய்து கொடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்த எதிரி குளிர். உறைபனி விழும் தை மாதக் காலையில், வெளிச் சுவரோரம் கிடந்த பிலிமை எடுத்து நேராக மாட்டினால் பசை இளகிப் படியாது. கறுப்பு, கருநீலப் பரப்புகளில் நுண்ணிய காற்றுக் குமிழிகள் தங்கி, வெண்மை பூத்தாற்போல் தெரியும். பிலிமையும் அச்சையும் முந்தைய இரவே கதகதப்பான அறையில் வைத்துவிடுவது நல்லது. மேல் ரோலரைச் சூடாக்கும் வசதி இருந்தால் 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் போதும். சூடு ஏறும்வரை ரோலர் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சூட்டை மேலும் கூட்டினால் வினைல் இழுபட்டுச் சுருக்கம் விழும்.

சுருக்கத்துக்கு அழுத்தம் சமமாக இல்லாததும் காரணமாகலாம். ஒரே அகலமுள்ள இரண்டு காகிதத் துண்டுகளை ரோலரின் இரு முனைகளிலும் கவ்வவிட்டு, கையால் இழுத்துப் பாருங்கள். ஒன்று எளிதில் வழுக்கி வந்து மற்றது இறுகி நின்றால், வழுக்கும் பக்கத்தின் அழுத்தத்தைச் சரிசெய்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பிலிம் சுருளின் பிரேக்கையும் தேவைக்கு மேல் முறுக்கக் கூடாது. இழுபட்டு ஒட்டிய பிலிம் பிறகு சுருங்கும்போது பலகையின் ஓரம் வளையும்.

வண்டிகளின் வளைவுகளில் ஒட்டும் காஸ்ட் வினைலுக்கு (திரவமாக ஊற்றி உருவாக்கியது) மேல், விலை குறைவு என்று காலெண்டர்டு பிலிமை (உருளைகளுக்கிடையே அழுத்தி மெலிதாக்கியது) போடாதீர்கள். இரண்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. உயரம் கூடக் கூட வெயிலில் புற ஊதாக் கதிர் கூடும் என்பதால், வெளியே நிற்கும் பலகைக்கு அதைத் தடுக்கும் பிலிமே வேண்டும்.

லேமினேட்டரைப் பிலிம் ஒட்ட மட்டும் வைத்துக்கொள்வதும் ஒரு வகையில் வீண்தான். சன்போர்டில் (இலேசான நுரைப் பிளாஸ்டிக் பலகை) அச்சை ஒட்டவும், வெட்டிய எழுத்துகளை வரிசை கலையாமல் எடுத்து ஒட்ட அவற்றின் மேல் டிரான்ஸ்பர் டேப் போடவும் கையைவிட அது சீராகச் செய்யும். ஆனால் ரோலரின் மேல் வைத்துக் கட்டரால் பிலிமை வெட்டவே கூடாது: சிலிகான் பரப்பில் விழுந்த கீறல், அதற்குப் பின் வரும் ஒவ்வொரு வேலையிலும் கோடாகப் பதியும். இரவு கடையை அடைக்கும்போது ரோலரைத் தூக்கி வைத்துவிட்டுப் போங்கள். அழுந்தியபடியே கிடந்தால் அந்த இடம் தட்டையாகிவிடும்.