போலோ ஜிடி டிஎஸ்ஐ: ஐம்பதாயிரத்துக்குள் எவ்வளவு பவர் தேறும்?

கோவை கணபதியில் அப்பா காலத்திலிருந்து லேத் பட்டறை வைத்திருக்கிறோம். பம்ப் ஷாஃப்ட் கடைவதுதான் பிழைப்பு, கார் மெக்கானிக் இல்லை. ஆனாலும் 2015 மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஐந்து வருடமாக நோண்டிக்கொண்டிருக்கிறேன். இதெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் எங்கள் பட்ஜெட்டில் டர்போவும் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் பாகம்) டிஎஸ்ஜி கியர்பாக்ஸும் (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) சேர்ந்து கிடைத்தது இதில்தான்.

முதல் தப்பைச் சொல்லிவிடுகிறேன். வாங்கிய மாதமே 7,500 ரூபாய்க்கு ஒரு திறந்த கோன் ஃபில்டர் (கூம்பு வடிவ ஏர் ஃபில்டர்) மாட்டினேன். சத்தம் அருமை. வண்டி மட்டும் மந்தமானது. ஓபிடி ரீடரில் (எஞ்சின் கம்ப்யூட்டர் தரும் தகவலைப் படிக்கும் கருவி) பார்த்தால், காந்திபுரம் சிக்னலில் நிற்கும்போது எஞ்சினுக்குப் போகிற காற்று 60 டிகிரியைத் தாண்டியிருக்கிறது. கம்பெனி ஏர்பாக்ஸ் முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கும். கோன் ஃபில்டரோ பானட்டுக்குள் கொதிக்கும் காற்றையே உறிஞ்சும். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு. சூட்டில் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு; அதனால் எஞ்சின் கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தைப் பின்னுக்கு இழுக்கிறது, பவர் போகிறது. அந்த ஃபில்டர் இப்போது பட்டறை அலமாரியில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது.

ஆகவே, கண்ணை மூடிக்கொண்டு எதையும் மாட்டாமல், முதல் செலவு டைனோவுக்கு, அதாவது சக்கரத்தில் வரும் பவரை அளக்கும் மெஷினுக்கு. இந்த வண்டிக்கு கம்பெனி சொல்வது 105 பிஎஸ் (குதிரைத்திறன்) பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). அது கிராங்க் ஷாஃப்டில் அளந்தது. கியர்பாக்ஸும் ஆக்ஸிலும் ஏறக்குறைய 15 சதவீதம் தின்றதுபோக, சக்கரத்தில் 88, 90 பிஎஸ் வர வேண்டும். எனக்கு வந்தது 78. பத்து குதிரை காணோம்!

தேடினால் எல்லாமே சில்லறை விஷயம். ஸ்பார்க் பிளக் நான்கும் தேய்ந்து கேப் விரிந்திருந்தது. ஒரு இக்னிஷன் காயில் அரை உயிரில் இருந்தது. டர்போவிலிருந்து போகும் ஹோஸ் கிளாம்ப் ஒன்று லூஸ். சோப்புத் தண்ணீர் தடவியதும் குமிழி விட்டுக் காட்டிக் கொடுத்தது. அப்புறம் கார்பன். இந்த எஞ்சினில் பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால், காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வைக் கழுவிவிட எதுவும் கிடையாது. எண்ணெய்ப் புகை படிந்து படிந்து கரி கட்டிவிடும். வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் அடித்துச் சுத்தம் செய்தார்கள். எல்லாம் சேர்த்துப் பதினாறாயிரம். மறுபடி டைனோவில் ஏற்றினால் 88. உங்கள் வண்டி 60,000 கிலோமீட்டர் தாண்டியிருந்தால் இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அடுத்தது ரீமேப், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் செட்டிங் ஃபைலை மாற்றி எழுதுவது. மீதிக் காசு முழுவதும் இதற்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரியும். டார்க்கை ஆர்பிஎம்மால் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட், அதை 1.36ஆல் பெருக்கினால் பிஎஸ். கம்பெனி செட்டிங்கில் 175 நியூட்டன் மீட்டர் 4,100 ஆர்பிஎம் வரை நிற்கிறது: 102 பிஎஸ். அதற்கு மேல் டார்க் சரிகிறது. மேப் மாற்றி பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) கொஞ்சம் ஏற்றி, 205ஐ 4,500 வரை பிடித்து வைத்தால் 131. ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை. டர்போ இல்லாத ஸ்விஃப்டில் இதே காசைப் போட்டால் ஐந்து குதிரை தேறுவதே பெரிது. அதிகப்படியாகக் காற்றைத் திணிக்க அங்கே ஆள் இல்லை.

மேப் போடுபவரிடம் கறாராகப் பேசுங்கள். இந்த ஏழு கியர் டிரை கிளட்ச் டிஎஸ்ஜி 250 நியூட்டன் மீட்டருக்குத்தான் வடிவமைக்கப்பட்டது. 220ஐத் தாண்ட வேண்டாம் என்றேன். 240 தருகிறேன் என்றவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். கிளட்ச் பேக் போனால் மேப் காசைப்போல இரண்டு மூன்று மடங்கு பழுத்துவிடும். 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கைக் கொட்டவும் விடாதீர்கள். சின்ன டர்போ எஞ்சினில் அந்த இடத்தில் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும். பழைய ஃபைலைக் காப்பி எடுத்துக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பெட்ரோலுக்கு மேப் என்பதையும் கேளுங்கள். பெட்ரோல் தானாகப் பற்றாமல் தாங்கும் அளவைச் சொல்லும் எண்தான் ஆக்டேன்; நான் 95 ஆக்டேனோடு நிறுத்திக்கொண்டேன். 100க்கு மேப் போட்டுவிட்டு வால்பாறை ஏறினால் அந்தப் பெட்ரோலுக்கு எங்கே போவது?

எனக்கு மேப் செலவு 32,000. டைனோ தாளில் சக்கரத்தில் 110. டைனோ வாடகையையும் சேர்த்தால் தலைப்பில் சொன்ன ஐம்பதாயிரம் கொஞ்சம் இடிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

எக்ஸாஸ்ட் மாற்றலாமா என்று பசங்க கேட்பார்கள். பின்பக்க மஃப்ளர் மட்டும் மாற்றினால் கிடைப்பது சத்தம். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால் கொஞ்சம் பவர் கிடைக்கும், கூடவே நாற்றமும் புகைச் சோதனையில் சிக்கலும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது; 182ஏ பிரிவில் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ரீமேப்பையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டேன். விபத்துக்கு அப்புறம் அவர்களாகக் கண்டுபிடித்தால் கிளெய்ம் கோவிந்தா. வாரண்டி மிச்சமிருக்கும் வண்டியென்றால் அதையும் மறந்துவிட வேண்டியதுதான்.

டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாக மாற்றுவது பற்றியும் ஒரு வார்த்தை. இந்த எஞ்சினில் இன்டர்கூலர் தண்ணீரால் குளிர்வது, இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. முன்னால் ஒன்றை வாங்கி மாட்டுவது மலிவான வேலை இல்லை. அதனால் சூட்டோடு வாழப் பழக வேண்டும். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில், சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்க விடும் டிராக் டே ஒன்றுக்குப் போனேன். முதல் இரண்டு சுற்று பறந்தது. நான்காவது சுற்றில் காற்றின் வெப்பம் ஏறி, டைமிங் நான்கைந்து டிகிரி பின்னுக்குப் போனதை ஓபிடி லாக் காட்டியது. இப்போது மூன்று சுற்று மிதித்து, ஒரு சுற்று மெதுவாக உருட்டி, பிறகு மறுபடி மிதிக்கிறேன். பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றாமல் அங்கே போகாதீர்கள். எனக்கு அன்று பிரேக் பெடல் தரைக்குப் போனது.