கல்யாணத்துக்கு வந்தவர்கள் முகம் வாடாமலிருக்க

வாசலில் வரவேற்க இரண்டு வீட்டு ஆட்களும் நிற்க வேண்டும். பெண் வீட்டார் மட்டும் நின்றால், மாப்பிள்ளையின் அலுவலக நண்பர் அசட்டுச் சிரிப்போடு தானாகவே உள்ளே போய் மூலையில் உட்காருவார். "வாங்க" என்பதோடு விடாமல், கழிப்பறை, சாப்பாட்டுக் கூடம், செருப்பு விடும் இடம் மூன்றையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது ஸ்பீக்கரில். மேடைக்கு இரு பக்கமும் பெரிதாக இரண்டு வைத்தால் முன்வரிசைக்குக் காது அடைக்கும். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்று சத்தத்தை இன்னும் ஏற்றுவார்கள். சிறிய ஸ்பீக்கர்களாக நாலைந்தைச் சுவரோரம் பிரித்து வையுங்கள், குறைந்த சத்தமே போதும். ஆட்கள் வருமுன் ஒருவரைக் கடைசி நாற்காலியில் உட்காரவைத்துப் பேசிப் பாருங்கள். முன்னால் இருப்பவர் குரலை உயர்த்தாமல் பக்கத்தில் பேச முடிகிறதா என்பதே அளவு. கூட்டம் நிறைந்ததும் சத்தம் சற்று உறிஞ்சப்படும், அப்போது லேசாகக் கூட்டலாம்.

முதியோருக்கு ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, நடைபாதையோரமாக, கைப்பிடி உள்ள நாற்காலி. பிடித்து எழ அது இல்லாவிட்டால் சிரமம்.

போட்டோ எடுக்கும் நேரத்தில்தான் சலிப்பு தட்டும். குடும்பப் படங்களின் வரிசையை எழுதி ஒருவர் கையில் கொடுங்கள்; பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மற்றவர்கள் நிம்மதியாகச் சாப்பிடப் போவார்கள்.