நாலைந்து பேர் ஆடும் லிமிட் ஹோல்டெம்: பெட் போடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லிமிட் ஹோல்டெம் என்ற போக்கர் சீட்டாட்டத்தில் பெட்டின் (பந்தயத் தொகையின்) அளவு நம் கையில் இல்லை. ஃபிளாப் (மேஜையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) வரை ஒரு தொகை, டர்னிலும் (நான்காவது சீட்டு) ரிவரிலும் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) அதன் இரட்டிப்பு. பெட்டுக்கு உச்சவரம்பில்லாத நோ-லிமிட் ஆடிப் பழகியவர்கள், ஆறு பேரோ அதற்கும் குறைவாகவோ உட்காரும் லிமிட் மேஜையில் சறுக்குவது இங்கேதான். மொத்தச் சிப்பும் போய்விடுமோ என்ற பழைய பயம், ஒரே ஒரு பெட்டைப் பார்த்தாலும் வந்துவிடுகிறது.

அந்தப் பயம் அதிகம் தின்பது ரிவரில். சின்ன பெட் 10 சிப், பெரிய பெட் 20, பிளைண்டுகள் (ஸ்மால், பிக் என்ற இரு இடங்களில் இருப்பவர்கள் முன்கூட்டியே கட்டாயமாகப் போடுவது) 5, 10 என்று வைத்துக்கொள்வோம். பட்டனில் (ஃபிளாப்பிலிருந்து கடைசியாக ஆடும் இடத்தில்) இருப்பவர் ரெய்ஸ் செய்து 20 ஆக்குகிறார், ஸ்மால் பிளைண்ட் ஒதுங்க, பிக் பிளைண்டில் நீங்கள் கால் செய்கிறீர்கள் (அதே தொகைக்கு ஈடுகட்டித் தொடர்கிறீர்கள்): பாட் (நடுவில் சேர்ந்த மொத்தம்) 45. ஃபிளாப்பிலும் டர்னிலும் அவர் பெட், நீங்கள் கால்: 105. ரிவரில் அவர் மீண்டும் 20 போட்டால், 125 சிப்புக்காக உங்களிடம் கேட்பது வெறும் 20. ஆறு முறை தோற்று 120 இழந்தாலும், ஏழாவது முறை வென்றால் 125 வந்துவிடும். நடு ஜோடியை (பொதுச் சீட்டுகளில் நடுத்தரமான ஒன்றோடு சேர்ந்த ஜோடியை) வைத்துக்கொண்டு, "இவரிடம் கண்டிப்பாக நல்ல கை இருக்கும்" என்று ஃபோல்டு செய்துவிடுவதை (சீட்டைக் கீழே வைத்து விலகுவதை) நானும் வெகுநாள் நிதானம் என்றே நம்பியிருந்தேன். ஏழில் ஒரு முறைகூடவா அவர் பிளஃப் (வெற்றுக் கையோடு மிரட்டல்) செய்ய மாட்டார்?

இதே கணக்கின் மறுபக்கத்தையும் பலர் விட்டுவிடுகிறார்கள். எதிராளிக்கும் கால் செய்வது மலிவு. சுமாரான கைகளோடும் அவர் வருவார். ஆகவே ரிவரில் அவர் செக் செய்து (பெட் போடாமல் விட்டு) நீங்கள் கடைசியாக ஆடும்போது, "என் கைதான் பெரியதா?" என்று கேட்டுக்கொண்டு செக் செய்வது வீண். கேட்க வேண்டியது, "அவர் கால் செய்யும் கைகளில் பாதிக்கு மேல் என்னிடம் தோற்குமா?" என்பதே. செக்-ரெய்ஸ் (செக் செய்தவர் பிறகு உங்கள் பெட்டை உயர்த்துவது) ஆபத்துக்காகப் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஃபோல்டு செய்யப்போகும் கைகள் இந்தக் கணக்கிலேயே வராது.

ஃபிளாப்புக்கு முன், யாரும் உள்ளே வராதபோது வெறுமனே கால் செய்து நுழைவதையும் விட்டுவிடுங்கள். ஆடத் தகுந்த கை என்றால் ரெய்ஸ். ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் செஃபியஸ் நிரல், 2015-இல் இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமை ஏறக்குறைய முழுமையாகத் தீர்த்தது. பட்டனில் அது அப்படி நுழைவது மிக மிக அரிது. பிக் பிளைண்டில் இருந்துகொண்டு பட்டனின் ரெய்ஸுக்கு ஓடி ஒளிவதும் நஷ்டமே. 35 சிப் பாட்டுக்கு 10 போடுகிறீர்கள். 22 சதவீத வாய்ப்பிருந்தால் கிட்டத்தட்டச் சரியாகிவிடும்.

டர்னில் ரெய்ஸ் வந்தால் மட்டும் நின்று யோசியுங்கள். மேலே சொன்ன ஆட்டத்தில் நீங்கள் பெட் போட்டு வருபவர், எதிராளி டர்னில் 40 ஆக்குகிறார் என்றால், அங்கே 20-ஓடு முடியாது. ரிவரிலும் 20 போகும். 145-ஐ வெல்ல 40. ஏழில் ஒன்று போதாது, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு மேல் வெல்ல வேண்டும். டிரா (வரும் சீட்டால் பெரிய கையாகும் வாய்ப்பு) இல்லாமல் வெறும் ஜோடியோடு இருக்கிறீர்களா, முடிவை அங்கேயே எடுங்கள். டர்னில் கால் செய்துவிட்டு, ஒன்றும் மாறாத ரிவரில் ஃபோல்டு செய்பவர் அந்த 20 சிப்பைக் கொடுத்து எதையும் வாங்கவில்லை.