மொஹேர் நூலில் பின்னுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்: மலையகக் குளிரை மனத்தில் வைத்து

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கு ஆண்டின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. அட்டன், தலவாக்கலை, அப்புத்தளைப் பக்கங்களிலும் மூடுபனியும் தூறலும் சேர்ந்து வருவதால், இங்குள்ள குளிர் பெரும்பாலும் ஈரக் குளிராகவே இருக்கிறது. எடை குறைவாக இருந்து, உடலின் சூட்டைத் தக்கவைத்து, காற்றின் ஈரத்தையும் ஓரளவு தாங்கும் உடைதான் இத்தகைய இடத்துக்கு ஏற்றது. ஆட்டு மயிரில் திரிக்கும் மொஹேர் நூலுக்கு இவை மூன்றும் உண்டு. ஆனாலும் ஆசையோடு பின்னிய மொஹேர் சுவெட்டர் "கழுத்தில் குத்துகிறது", "நீண்டுபோய்விட்டது", "பூஞ்சண வாடை அடிக்கிறது" என்ற குறைகளோடு அலுமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடுவதைப் பல வீடுகளில் காணலாம். இந்தக் குறைகளுக்கு மொஹேரைக் குற்றம் சொல்வதில் நியாயம் குறைவு. தேர்வு, பின்னல், உலர்த்தல் ஆகிய மூன்று கட்டங்களில் நேரும் தவறுகளே பெரும்பாலும் காரணமாகின்றன.

முதல் தவறு, உறையில் மொஹேர் என்ற பெயர் இருந்தாலே போதும் என்று வாங்குவது. மொஹேர் என்பது அங்கோரா ஆட்டின் மயிர். துருக்கியின் மேட்டுநிலங்களில் வளர்க்கப்பட்ட இந்த ஆடுகள் 1838 ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இன்று உலகின் மொஹேரில் பெரும்பங்கு அந்நாட்டின் வறண்ட கரூ பகுதியிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள இடங்களிலிருந்தும் வருகிறது. அங்கோரா முயலின் மயிர் இதனின்று முற்றிலும் வேறானது என்பதால், உறையில் அங்கோரா என்று மட்டும் இருந்தால் அதை மொஹேர் என்று கொள்ளக் கூடாது. ஆண்டுக்கு இரு முறை மயிர் கத்தரிக்கப்படும் இந்த ஆட்டுக்கு வயது ஏற ஏற மயிரும் தடிக்கிறது. குட்டியின் மயிர் ஏறத்தாழ 24 முதல் 30 மைக்ரோன் வரையிலும், முதிர்ந்த ஆட்டின் மயிர் 35 மைக்ரோனுக்கு மேலும் இருக்கும். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

உடுத்தும் சுகத்தைத் தீர்மானிப்பது இந்தத் தடிப்புத்தான். 30 மைக்ரோனுக்கு மேற்பட்ட மயிரின் நுனி தோலில் படும்போது வளைந்துகொடுக்காமல் நேராக அழுத்துகிறது. அந்த அழுத்தத்தையே நாம் குத்தலாகவும் அரிப்பாகவும் உணர்கிறோம். ஆட்டு மயிர் தமக்கு ஒவ்வாமை தருகிறது என்று எண்ணும் பலருக்கு உண்மையில் தடித்த மயிரே தொல்லையாக இருக்கிறது. ஆகவே கழுத்துத் துணி, குல்லா, தோலோடு ஒட்டும் மேற்சட்டை ஆகியவற்றுக்குக் கிட் மொஹேர் (குட்டியின் மயிர்) அல்லது அதனினும் மெல்லிய சூப்பர் கிட் மொஹேர் என்று உறையில் குறித்த நூலையே தேட வேண்டும். முதிர்ந்த ஆட்டின் நூலை வீணென்று தள்ளவும் வேண்டியதில்லை. சட்டைக்கு மேல் போடும் மேலங்கிக்கும் மடியில் விரிக்கும் போர்வைக்கும் அது உறுதியாக நின்று உழைக்கும்.

நூலை விரல்களால் தொட்டுப் பார்த்து முடிவெடுப்பது அடுத்த தவறு. கொழுந்து பறித்தும் வீட்டு வேலை செய்தும் காய்த்த விரல்கள் எந்த நூலையும் மென்மை என்றே சொல்லும். தாடைக்குக் கீழேயோ மணிக்கட்டின் உட்புறத்திலோ நூல் உருண்டையைச் சில நிமிடங்கள் அழுத்தி வைத்திருந்தால் உண்மை தெரிந்துவிடும்.

நகரக் கடைகளில் மொஹேர் போலப் பஞ்சு எழுப்பிய அக்ரிலிக் நூலும் விற்கப்படுகிறது. உறையிலுள்ள சதவீதத்தைப் படிக்காமல் இதை வாங்கிவிட்டு, மொஹேர் வியர்க்க வைக்கிறது என்று பழி சொல்வது தகாது. உறை தொலைந்த நூலென்றால், சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் வைத்துக் கொளுத்திப் பார்க்கலாம். மொஹேர் மெதுவாகக் கருகி, தலைமயிர் எரியும் வாடையுடன், விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கடினமான கரிய மணியாகத் திரளும். கலப்பு நூலில் இரண்டு அடையாளங்களும் தோன்றும். கலப்பு என்பது எப்போதும் குறையன்று. மெல்லிய மொஹேர் நூல் அறாமல் இருக்க நடுவில் பட்டு அல்லது நைலோன் இழை தேவைப்படுகிறது. ஏறத்தாழ 70 சதவீதம் கிட் மொஹேரும் 30 சதவீதம் பட்டும் சேர்ந்த நூல், தோலில் படும் உடைக்கு மிக நல்ல தேர்வு என்பேன்.

இத்தகைய நூலில் 25 கிராம் உருண்டை ஒன்றே சுமார் 210 மீற்றர் நீளம் வரும். எனவே வழக்கமான கம்பளி நூலைப் போல எடையைக் கொண்டு கணக்கிடாமல், பின்னல் குறிப்பில் சொல்லப்பட்ட நீளத்தைக் கொண்டு கணக்கிட வேண்டும். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பொதியில் நூல் வருவதாக இருந்தால், எல்லா உருண்டைகளும் ஒரே சாய எண்ணில் (ஒரே தடவையில் சாயமிட்டதைக் காட்டும் எண்) இருக்கும்படி முன்கூட்டியே கேட்டு வாங்குவது நல்லது. பாதியில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி கிடைப்பது அரிது.

பின்னலில் காணும் பெருந்தவறு இறுக்கம். மொஹேரின் சூடு, அதன் பஞ்சு மயிர்களுக்கிடையே தங்கும் காற்றிலிருந்து வருகிறது. சிறிய ஊசியில் நெருக்கிப் பின்னினால் காற்றுக்கு இடமில்லாமல் துணி விறைத்து, மயிரின் நுனிகள் தோலை நோக்கித் திரும்பிவிடும். மெல்லிய பட்டு மொஹேரை ஒற்றை இழையாகப் பின்னுவதற்கு 4 முதல் 5 மில்லிமீற்றர் ஊசி பொருத்தமாக இருக்கும். கண்ணிகள் அகலமாகத் தெரிவதைக் கண்டு அஞ்ச வேண்டாம், எழும் பஞ்சு அந்த இடைவெளியை நிரப்பிவிடும். செம்மறி ஆட்டுக் கம்பளியில் உள்ள இயற்கைச் சுருள் மொஹேரில் மிகக் குறைவு என்பதால் இழுபட்ட மொஹேர் துணி பழைய அளவுக்கு எளிதில் திரும்பாது. மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி, அதை நனைத்து உலர்த்திய பிறகே அளவெடுக்க வேண்டும் என்பது இதனால்தான். மணிக்கட்டுப் பட்டியையும் இடுப்புப் பட்டியையும் மொஹேரால் மட்டும் பின்னினால் சில வாரங்களில் தொய்ந்துவிடும். அந்த இடங்களில் மெரினோ என்னும் மென்மையான செம்மறிக் கம்பளி இழையொன்றைச் சேர்த்துப் பின்னுவது பயன் தரும். பின்னியதை அவிழ்க்க நேர்ந்தால் வெடுக்கென்று இழுக்காமல், சிக்கிய மயிர்களைக் கண்ணி கண்ணியாகப் பிரித்தெடுக்க வேண்டும்.

கைக்குழந்தைகளுக்கு மொஹேரில் உடை பின்னுவதைத் தவிர்க்கவே சொல்வேன். உதிரும் மயிர் வாய்க்கும் மூக்குக்கும் போகும். நீண்ட இழைகள் சிறு விரல்களில் சுற்றிக்கொள்ளவும் கூடும்.

துவைக்கும்போது சாதாரணச் சலவைத் தூளைப் பயன்படுத்துவது உடையின் ஆயுளைக் குறைக்கிறது. மயிர் புரதத்தால் ஆனது. பல சலவைத் தூள்களில் புரதக் கறையைச் சிதைக்கும் நொதிகளும் காரமும் இருப்பதால், கறையோடு இழையும் நலிகிறது. குளோரின் கலந்த வெளுப்பான் இழையையே கரைத்துவிடும். கம்பளிக்கென விற்கும் திரவமோ மிதமான ஷாம்புவோ சிறிதளவு கலந்த, 30 பாகைக்கு மேற்படாத நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் அமுக்கி எடுத்து, அதே சூடுள்ள நீரில் அலசினால் போதும். மொஹேரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருப்பதால் அழுக்கு எளிதில் ஒட்டாது. உள்ளே பருத்திச் சட்டை அணிந்து, கழற்றியதும் காற்றாட விட்டால் அடிக்கடி துவைக்கவே வேண்டியிருக்காது.

மலையகத்தில் உடை கெடுவது மிகுதியும் உலர்த்தும்போதுதான். நீரின் பாரத்தோடு கொடியில் தொங்கவிட்ட சுவெட்டரின் கைகள் நீண்டுவிடும். விறகடுப்புக்கு மேலே போட்டது விரைவில் காய்ந்தாலும் புகை வாடையை ஏற்றிக்கொள்ளும், அந்த வாடை அடுத்த துவைப்பிலும் முழுதாகப் போகாது. முறுக்கிப் பிழியாமல், உலர்ந்த துவாயில் உடையைப் பாய்போலச் சுருட்டி அழுத்தி, வேறொரு உலர்ந்த துவாயில் மறுபடியும் அழுத்தினால் நீரில் பெரும்பங்கு வெளியேறிவிடும். பிறகு காற்று ஊடுருவும் பரப்பில் கிடையாக விரிக்க வேண்டும். குல்லா, கழுத்துத் துணி போன்ற சிறியவற்றுக்குச் சுளகின் மேல் பருத்தித் துணி விரித்தாலே போதும். சில மணிக்கொருமுறை திருப்பிப்போட்டு, ஈரமான அடித்துணியை மாற்றி, சன்னலோரமாகவோ மின்விசிறிக்கு எதிரிலோ வைத்தால் மழை நாளிலும் உலர்ந்துவிடும். இரண்டு மூன்று நாட்கள் ஈரமாகவே கிடக்கும் உடையில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். ஆகவே போர்வை போன்ற பெரியவற்றைத் துவைக்கப் பருவம் பார்ப்பது அறிவுடைமை: நுவரெலியா, அட்டன் பக்கங்களில் ஜனவரி முதல் மார்ச் வரையிலும், பண்டாரவளை, பதுளைப் பக்கங்களில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலும் மழை குறைவாக இருக்கும்.

முழுதாக உலராத உடையை பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் போகும். வியர்வையும் உணவுக் கறையும் படிந்த உடையைத் துவைக்காமல் எடுத்து வைப்பதும் தவறு. துணியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழுக்கள் அத்தகைய இடங்களையே முதலில் தேடித் தின்கின்றன. சுத்தமாக்கி உலர்த்திய உடையை மடித்து, நெருக்கமாக நெய்த தலையணை உறைக்குள் இட்டு, மூடியுள்ள பெட்டியில் வைத்து, அவ்வப்போது வெளியே எடுத்து உதற வேண்டும். நப்தலின் உருண்டைகளைப் பச்சிளங் குழந்தை இருக்கும் வீட்டில் பயன்படுத்தாதிருப்பது பாதுகாப்பு. ஜி6பிடி என்னும் நொதி குறைந்த குழந்தைகளுக்கு அந்த ஆவி சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். புழு அரித்த அடையாளம் தெரிந்தால், உடையைக் காற்றுப் புகாத பையில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலை அறையில் 0 பாகைக்குக் கீழே 18 பாகைக் குளிரில் இரண்டு வாரங்கள் வைத்தால் முட்டைகளும் புழுக்களும் இறந்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறையின் சூட்டுக்கு வரவிட்டு, பின்னர் உதறித் துவைத்து, அலுமாரியின் மூலை முடுக்குகளையும் துடைத்த பிறகே உடையை மீண்டும் உள்ளே வைக்க வேண்டும்.