அரிய ஆங்கிலச் சொற்களைக் கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அதற்கு ஒரே ஒரு தமிழ்ப் பொருள் என நோட்டில் பட்டியல் போடுவதுதான் பலரும் செய்வது. சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. 'நொட்டோரியஸ்' என்பதற்கு 'பிரபலமான' என்று எழுதி வைத்தவர், நல்ல ஆசிரியரைப் பாராட்டக்கூட அதையே போடுவார். கெட்ட காரியத்துக்குப் பேர்போனவரைத்தான் அந்தச் சொல் குறிக்கும். 'மிட்டிகேட்' என்றால் குறைப்பது. ஆனால் ஆபத்து, பாதிப்பு போன்ற வேண்டாதவற்றின் கடுமையைத்தான் அது குறைக்கும். விலையைக் குறைப்பதற்கு வராது. 'அக்யூஸ்', 'சார்ஜ்' இரண்டுமே குற்றம் சாட்டுவதுதான். முதலாவதோடு 'ஆஃப்' வரும், அடுத்ததோடு 'வித்' வரும். ஒற்றைப் பொருள் பட்டியலில் இதெல்லாம் தெரியவே தெரியாது.

எனவே சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். அது பெயரா வினையா, கூடவே வரும் சொல் எது, பாராட்டா பழிப்பா என்பதைக் குறித்துவிட்டு, நீங்களே அமைத்த முழு வாக்கியம் ஒன்றையும் சேருங்கள். நாளுக்கு ஐந்து சொல் போதும். ஐம்பது எழுதுவது நோட்டை நிரப்பும், அவ்வளவுதான்.

ஒலியிலோ பொருளிலோ நெருங்கிய சொற்களை ஒரே நாளில் படிப்பது இன்னொரு வீண்வேலை. 'எமினென்ட்' புகழ்மிக்கவர், 'இமினென்ட்' இதோ நடக்கப்போவது. சேர்த்துப் படித்தால் எது எதுவென்று கடைசிவரை குழப்பம்தான். ஒன்று நன்றாகப் பதிந்தபின், ஓரிரு வாரம் கழித்து மற்றதை எடுங்கள்.

எதை முதலில் படிப்பது? படித்தவர்களே அகராதி புரட்டும் சொற்களை அல்ல. மொழியியல் ஆய்வாளர் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட 'அகாடமிக் வேர்ட் லிஸ்ட்' 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) கொண்டது. 'அசெஸ்', 'இன்டிகேட்' போல, கல்விசார் எழுத்தில் துறை எதுவானாலும் திரும்பத் திரும்ப வருபவை அவை. அடிப்படைச் சொற்கள் ஓரளவு தெரிந்தவர் அங்கிருந்து தொடங்கலாம்.

பழைய பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதும் ஏமாற்று. கண்ணுக்குப் பழகியதை மனம் தெரிந்ததாக எண்ணிக்கொள்ளும். பொருளை மூடிவைத்து நினைவிலிருந்து சொல்லிப் பாருங்கள்: மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு மாதம் கழித்து. தமிழ்ப் பொருளைப் பார்த்து ஆங்கிலச் சொல்லைச் சொல்வதும் வேண்டும். எழுதும்போது கைகொடுப்பது அதுதான்.

உச்சரிப்பை எழுத்தை வைத்து ஊகிக்காதீர்கள். epitome என்பதைப் பலர் 'எபிடோம்' என்று படிப்பார்கள், சரியான ஒலி 'இபிட்டமி'. hyperbole என்பது 'ஹைப்பர்போல்' அல்ல, 'ஹைபர்பலி'. அகராதிச் செயலியில் ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டுக் கேட்டு, வாய்விட்டு மூன்று முறை சொன்னபின் நோட்டில் ஏற்றுங்கள்.