வோர்ட்டைச் சீக்கிரம் ஆற வைக்க

வீட்டில் பீர் காய்ச்சும்போது, கொதித்த வோர்ட்டை (முளைகட்டிய தானியத்திலிருந்து எடுத்த, இன்னும் புளிக்காத இனிப்புச் சாறு) பாத்திரத்தோடு தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். ஓரத்தில் இருப்பது மட்டும் குளிரும், நடுவில் சூடு அப்படியே நிற்கும். கிருமிநீக்கம் செய்த நீளக் கரண்டியால் நுரை எழாமல் மெதுவாகக் கிளறுங்கள். வெளித் தண்ணீரையும் அவ்வப்போது அசைத்துவிடுங்கள். வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஐஸை முதலிலேயே கொட்டுவது வீண். சாதாரணத் தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றி, வோர்ட் 40 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியதும் ஐஸ் போடுங்கள். குளிர்ந்த தண்ணீரை உள்ளே ஓடவிட்டு ஆற வைக்கும் செம்புச் சுருள் குழாய் இருந்தால், கொதி முடிய 15 நிமிடம் இருக்கும்போதே அதை வோர்ட்டுக்குள் வைத்துவிடுங்கள்; குழாயில் இருக்கும் கிருமிகள் செத்துவிடும். அப்புறம், ஆறிய வோர்ட்டில்தான் கிருமி சுலபமாக வளரும். அதனால் கிளறாத நேரத்தில் மூடியே வையுங்கள். சுமார் 20 டிகிரி வந்ததும் ஏல் (ஒரு வகை பீர்) ஈஸ்ட்டைச் சேர்க்கலாம்.